கல்யாணத்துக்கு மேளம் கூடாது, சாவுக்குப் பறை வேண்டும்

1931 ஜூனில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 11 கட்டளைகள் போட்டார்கள். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் அப்போது அந்த மாவட்டம்தான். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாரர்களுக்கு விற்றுவிட வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியலை ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒன்று: கல்யாணம் முதலிய விசேஷங்களில் மேளம் வைக்கக் கூடாது.

படிப்பையும் நிலத்தையும் ஏன் பிடுங்கினார்கள் என்பது விளங்குகிறது. கூலிக்கு ஆள் வேண்டும். மேளத்தைத் தடுத்து என்ன கிடைத்தது? நாங்கள் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். நம் கால் போகக்கூடாத தெருவுக்குள்ளும் மேளச்சத்தம் போய்விடும். சேரியிலும் ஒரு கல்யாணம் நடக்கிறது, அங்கும் மாப்பிள்ளை உண்டு, மரியாதை உண்டு என்று அது ஊருக்கே சொல்லிவிடும். அதே ஊர்களில் மேலத்தெருவில் சாவு விழுந்தால் நம் தாத்தாக்கள் பறையோடு போய் நிற்க வேண்டும். அதற்குத் தடையில்லை, கட்டாயம்தான்.

செட்டிநாடு இசைக்குக் குறை வைத்த மண் அல்ல. 1940களில் தமிழிசை இயக்கத்தைத் தூக்கி நிறுத்திய அண்ணாமலைச் செட்டியார் இந்த மண்ணின் ஆள். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் மேடையில் பாட்டு எந்த மொழியில் என்பதே அங்கே கேள்வி. மேடைக்குக் கீழே யார் எதை, யாருக்காக அடிக்க வேண்டும் என்று அங்கே கேட்கப்படவில்லை.

கியூபா ராப் பாடகர்களைக் கேட்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. புரட்சிக்குப் பின், 1960களின் தொடக்கத்திலேயே, நிறப் பாகுபாடு ஒழிந்தது என்று அங்கே அரசு சொல்லிவிட்டது. ஒழிந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசினால் பேசுகிறவன்தான் பிரிவினைவாதி! (இந்த வசனம் நமக்குப் புதிதில்லை.) சோவியத் வீழ்ந்த பின் வந்த பஞ்ச காலத்தில், ஹவானாவின் கிழக்கே அலமார் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ராப் வளர்ந்தது. 1995 முதல் அங்கே விழாவே நடத்தினார்கள். 'ஒப்செசியோன்' இணையர் ஒரு பாட்டில் ஹவானாவின் ஒரு சிலையைப் பற்றிக் கேட்டார்கள். 1912இல் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் கொல்லப்பட்டபோது ஜனாதிபதியாக இருந்த ஹோசே மிகுவேல் கோமஸுக்கு இன்னும் எதற்குச் சிலை என்று. புரட்சியை விட்டுக்கொடுக்காமலே கேட்டார்கள். எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. 2021 போராட்டத்தில் ஒலித்த பாட்டில் பாடிய மைக்கேல் ஒசோர்போவுக்கு 9 ஆண்டு சிறை. சே படம் போட்ட சட்டை அணியும் தோழர்களுக்கு இது கசக்கும். நாங்களும் அணிகிறவர்கள்தான். கசந்தாலும் சொல்ல வேண்டும்.

2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது ராப்பும் கானாவும் பறையும் ஒன்றாக நின்றன. அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. இட ஒதுக்கீட்டையும் ஆணவக்கொலையையும் மைக்கில் பாடினார்கள். அந்த அறிவு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் செல்போன் வரை வந்து சேர்ந்தது.

இப்போது கல்லூரி விழாக்களில் பறைக்கு நல்ல கிராக்கி. அடியுங்கள், ஆடுங்கள், பாட்டு மட்டும் வேண்டாம் என்கிறார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒரு விழாவுக்கு எங்கள் குழு போகவில்லை. கூலிக்குச் சாவு வீட்டுக்கும் போவதில்லை. அதில் வருமானம் போனது, வீட்டில் பெரியவர்களோடு சண்டையும் வந்தது. ஆனால் நம் தெருவில் கல்யாணம் என்றால் சம்பளம் கேட்காமல் போகிறோம். போன முறை பெண்பிள்ளைகள் நான்கு பேர் முன்னால் நின்று அடித்தார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று கேட்டுப் போலீஸ் இரண்டு தடவை வந்தது. மெயின் ரோடு வழியாக என்றோம்.