ஒன்றே அரைக்கால் இஞ்ச்

அந்த மாஸ்டர் சிலிண்டரை வாங்கி வந்தவன் நான். மெக்கானிக் அண்ணன் அப்போதே சந்தேகப்பட்டுக் கேட்டார். பிறகு மலைப்பாதையில் பிரேக் சதி செய்தபோது, அவர் சொதப்பிவிட்டதாக ஊருக்குள் சொல்லித் திரிந்தவனும் நான்தான். இரண்டில் பின்னதுதான் பெரிய தப்பு. ஆனால் முன்னதை விவரமாகச் சொல்லாவிட்டால் பின்னது எவ்வளவு கேவலம் என்று தெரியாது.

பாலிடெக்னிக்கில் ஹைட்ராலிக்ஸ் நடத்துகிறேன். பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தே தலை நரைத்துவிட்டது. என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா டீசல் ஜீப், நாலு சக்கரமும் டிரம் பிரேக். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் லைனிங் தீயும் வாடை மூக்கைத் துளைக்கும். டிரம் சூடேறி விரிய விரியப் பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

டிஸ்க், கேலிப்பர், பிராக்கெட் என்று ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்து வாங்கினேன். மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அந்த ஜீப்பில் அது டிரைவரின் காலுக்கடியில், தரைத் தகட்டுக்கும் கீழே சேஸிஸில் மாட்டியிருக்கும். கண்ணில் படாத சாமான். இருப்பதே போதும் என்றேன்.

“டிரம்முக்கு வெச்ச மாஸ்டர் டிஸ்க்குக்கு ஆகாதுங்க சார்.”

“ஓட்டிப் பார்ப்போம்ணே” என்றேன்.

நாமக்கல் வரை போய்த் திரும்புவதற்குள் முன் சக்கரங்களின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. அண்ணன் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. கேலிப்பரின் நிப்பிளை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் திருகினார். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வந்தது, சக்கரம் உடனே லேசாகிச் சுற்றியது. மாஸ்டரை இறக்கிப் பிரித்து, உள்ளே ஸ்பிரிங்கின் நுனியில் உட்கார்ந்திருந்த சின்ன வால்வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

டிரம் பிரேக்கில் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை இந்த வால்வு நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரை விட்டு விலகாமல் இருக்கவும், காற்று உள்ளே புகாமல் இருக்கவும் அது வேண்டும். ஷூ ஸ்பிரிங்குக்கு முன்னால் 10 பி.எஸ்.ஐ. ஒரு பொருட்டே இல்லை. கேலிப்பரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் மயிரிழை அளவு பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். என் கேலிப்பர் பிஸ்டன் இரண்டு இஞ்ச் விட்டம். அதன் மேல் 10 பி.எஸ்.ஐ. என்றால் 14 கிலோ, நாள் முழுக்கப் பேடை டிஸ்க்கோடு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் பரீட்சையில் கேட்பேன்.

வால்வை எடுத்ததும் சக்கரம் சூடாவது நின்றது. புதுத் தொல்லை வந்தது. வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும், இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். கேலிப்பர் மேலே, மாஸ்டர் கீழே. தடுக்க ஒன்றும் இல்லாததால் ஆயில் மாஸ்டரை நோக்கி இறங்கிவிடுகிறது. அண்ணன் இரண்டு வழி சொன்னார். முன் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்றைப் போடலாம், டிஸ்க் உரசாத அளவுக்கு ஆயிலை நிறுத்தி வைக்கும். இல்லையென்றால் ஃபயர்வாலை வெட்டித் தொங்கு பெடல், பூஸ்டர், டேண்டம் மாஸ்டர் மூன்றையும் மேலே ஏற்றிவிடலாம். “ரெண்டாவதுதாங்க நல்லது சார், செலவைப் பார்க்காதீங்க.”

செலவு ஒரு சாக்குதான். டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் வந்து “ஒரிஜினலா சார்?” என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் ஃபயர்வாலில் வாளே படக்கூடாது என்றேன். 2 பி.எஸ்.ஐ. வால்வையாவது போட்டிருக்கலாம். அதற்குள் எனக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் முளைத்துவிட்டது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டு அண்ணனுக்கு வகுப்பெடுத்தேன். வீல் சிலிண்டர் ஒரு இஞ்ச், கேலிப்பர் இரண்டு இஞ்ச். விட்டம் இரட்டித்தால் பரப்பு நாலு மடங்கு. ஆகவே ஆயில் அதிகம் வேண்டும், ஆகவே மாஸ்டரின் போர் பெரிதாக வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு, “கால் தாங்குமாங்க?” என்று மட்டும் கேட்டார்.

பழைய ஸ்பேர்ஸ் கடையில் ஒன்றே அரைக்கால் இஞ்ச் மாஸ்டர் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டச் சொன்னேன். பட்டறையில் நின்ற வண்டியில் பெடல் அற்புதமாக இருந்தது. பாதி கூட இறங்காமல் கெட்டியாக நின்றது. கெட்டியான பெடலை நல்ல பிரேக் என்று நினைத்துக்கொண்டேன். என் கால் அழுத்துவது பேட் வரைக்கும் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று நிற்கிற வண்டி எப்படிச் சொல்லும்?

சாக்பீஸ் கையில் இருந்தபோது நான் போடாத மீதிக் கணக்கு இது. பெடலை 50 கிலோவில் மிதித்தால், ஆறுக்கு ஒன்று நெம்புகோலில் மாஸ்டருக்கு 300 கிலோ வரும். போர் ஒரு இஞ்ச் என்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 59 கிலோ. ஒன்றே அரைக்கால் என்றால் 47. முக்காலே அரைக்கால் என்றால் 77. போர் பெருத்தால் ஆயில் கூடும், அழுத்தம் குறையும். நான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். டிரம்மாக இருந்தால் குறைந்த அழுத்தமும் ஓரளவு ஒப்பேறும். சுழலும் டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, கால் கொடுப்பதுதான் கிடைக்கும். பூஸ்டர் இல்லாத வண்டியில், டிஸ்க் போட்டபின் போரைப் பெரிதாக்கினேன். செய்யவேண்டியதற்கு நேர் தலைகீழ்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ். மிதித்தேன். சுவரை மிதிப்பதுபோல் இருந்தது. இரண்டு காலையும் வைத்து, சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தும் வண்டி தன்பாட்டுக்கு நகர்ந்து, கைப்பிடிச் சுவரில் பம்பரைத் தேய்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஆசிரியர் மூச்சு வந்ததும் கேட்டார், “என்ன சார் ஆச்சு?”

“மெக்கானிக் சொதப்பிட்டான் சார்.”

‘அவர்’ என்றுகூட வாயில் வரவில்லை. வாத்தியாருக்குப் பிரேக் கணக்குத் தெரியவில்லை என்று வெளியே தெரிவதைவிட அது சுலபமாக இருந்தது. அதோடு விட்டேனா? ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், டீக்கடையிலும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகு ஏறியது. அவரிடம் டிஸ்க் போட வரவிருந்த ஜீப்காரர்கள் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அது தெரிந்தும் சும்மா இருந்தேன்.

வேறு வழியில்லாமல் அவரிடமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் பேசியதெல்லாம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்ததால் நானே எல்லாவற்றையும் கொட்டினேன். “செரி, இப்ப ஃபயர்வாலை வெட்டலாமுங்களா?” என்றார்.

வெட்டினார். டேண்டம் மாஸ்டர் வந்தது, முன்னுக்குத் தனி லைன், பின்னுக்குத் தனி லைன். ஒன்று போனாலும் மற்றது நிற்க வைக்கும். பின் டிரம் லைனில் மட்டும் 10 பி.எஸ்.ஐ. வால்வு. டீசல் இன்ஜினில் பூஸ்டருக்குப் போதுமான வாக்குவம் தானாகக் கிடைக்காது என்பதால், பின்புறம் வாக்குவம் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர். இத்தனைக்கும் போர் பழைய அளவேதான், ஒரு இஞ்ச். பூஸ்டர் இருந்தால் அது சரியாகப் பொருந்துகிறது. புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி வைப்பதில்தான் அதிக நேரம் செலவழித்தார். ராடு துளி நீண்டாலும் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, மறுபடி சக்கரம் இறுகும். ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து என்னை மெல்ல மிதிக்கச் சொல்லி, மிதிக்கத் தொடங்கும்போது ஆயிலின் மேல் சின்னதாக ஒரு கொப்பளிப்பு எழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். என் வகுப்பில் இதை நான் நடத்தியதே இல்லை.

கூலி வாங்கும்போது, “அந்த ரெண்டு பேருகிட்டயும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்” என்றார். ஒருவரிடம் சொன்னேன். அவர் வேறிடத்தில் டிரம் மாஸ்டரை மாற்றாமலே டிஸ்க் போட்டிருந்தார். சக்கரம் சூடாகிறது, பேரிங் போலிருக்கிறது என்றார். வால்வைப் பற்றிச் சொல்லி அண்ணனிடம் அனுப்பினேன். இன்னொருவர் வண்டியை விற்றுவிட்டார். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவரிடம் மட்டும் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.