இடது ஓரத்தில் ஆடியவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் வலித்தைல நெடியும் சமோசா பொரியும் வாசனையும் கலந்து வரும். உடை மாற்றும் அறையில் என் சிநேகிதன் என் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலைச் சுற்றி நிதானமாகக் கட்டுவான். நிமிர்ந்து சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து தெரியும்.

நான் நடுக்களம், அவன் இடது ஓரம். டர்பனில் கேட்டோ மேனர்தான் இருவருக்கும் ஊர். என் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர். அவன் வீட்டார் ஸூலுக்கள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் குடிசையில் இருந்தார்கள். இந்தியர்களுக்கு எதிரான 1949 ஜனவரிக் கலவரத்தில் கடைகள் எரிந்தன, கூச்சல் நெருங்கியது, அம்மா தங்கையை வாரிக்கொண்டு ஓடினாள், நான் முந்தானையைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன், அவன் அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். விடியும்வரை வாசற்படியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. அணைத்த மண்ணெண்ணெய் விளக்கின் புகை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பிறகு நிறவெறிச் சட்டங்கள் ஊரையே கலைத்தன. அவர்களை வடக்கே குவாமாஷுவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்குப் போனோம். அதன் பின் எங்களைச் சேர்த்து வைத்தது பந்துதான். 1961இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க சாக்கர் லீக்கில் நிறம் பார்க்கவில்லை, காசும் கொடுத்தார்கள். ஆனாலும் திங்கட்கிழமை விடிந்தால் நான் தையல் ஆலையில், அவன் துறைமுகத்தில் மூட்டைக்கடியில். நிறம் பார்க்காத லீக் என்பதால் நகராட்சிகள் மைதானம் தர மறுத்தன. ஜோகன்னஸ்பர்க்கில் மைதானக் கதவைப் பூட்டியபோது சனம் வேலியேறிக் குதித்தது. 1966க்குப் பிறகு அந்த லீக் இல்லை.

நிறவெறிக்காக ஃபிஃபா 1961இல் நாட்டை இடைநீக்கம் செய்தது, 1976இல் வெளியேற்றியது. அந்தத் தடையை நாங்களே வேண்டினோம். சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் எங்கள் கால்களில் பலம் இருந்த வருஷங்களெல்லாம் அதில் போயின.

தடை நீங்கியபின், 1992 ஜூலை 7, கிங்ஸ் பார்க் மைதானம். கேமரூனுக்கு எதிராக எங்கள் அணியின் டாக்டர் குமாலோ பெனால்டி அடித்தார், 1-0. என் மகன் எழுந்து கத்தினான். நான் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆடிய என் சிநேகிதன் செத்து அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது.

“அவர் நல்லா ஆடுவாரா தாத்தா?” என்கிறான் பேரன். கேளுடா. என் காலுக்குப் பந்து வருமுன்பே அவன் ஓடத் தொடங்கிவிடுவான். நான் தலைநிமிர்ந்து தேட வேண்டியதே இல்லை. தடுப்பவன் உள்பக்கம் சாய்வான், இவன் கோட்டோரமாகப் போய்விடுவான், அங்கிருந்து ஒரே கிராஸ், கோல்கீப்பரின் கைக்கு எட்டாத உயரத்தில்.