ஒரு புள்ளியும் பள்ளிக்கூட மணியும்



அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். இப்போது நன்றாக இருக்கிறார்கள். இடுப்பில் வந்த புண் ஆறிவிட்டது. அது எப்படி வந்தது, அதற்காக 68 வயதில் நான் லினக்ஸ் கற்றுக்கொண்டது எப்படி என்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். படுத்த படுக்கையாக யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் படியுங்கள்.

அம்மா கீழே விழுந்து படுக்கையானதும் டாக்டர் ஏர் பெட் வாங்கச் சொன்னார். அதன் அறைகளில் ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை தணியும். சில நிமிடங்களில் அது மாறும். உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் கட்டில் காலில் மாட்டியிருக்கும் சின்ன மோட்டார்தான் ஆதாரம். அது நின்றால் மெத்தையில் காற்று இறங்கிவிடும்.

ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு கரண்ட் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளைப் போலவே லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இணைப்பு. அம்மா அறையின் பிளக் பாயிண்டுக்குக் கிடையாது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் அடுத்த அறையில் படுத்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் மெத்தை தோசையாகக் கிடக்கிறது. அம்மா பலகை மேல் படுத்ததுபோல் படுத்திருந்தார்கள். இடுப்பு எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்து, மறுநாள் உரிந்துவிட்டது. "ஏம்மா கூப்பிடல?" என்று கேட்டேன். "நீ தூங்குற நேரம்பா" என்றார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். சுவரைக் கொத்தி ஒயர் இழுக்க வேண்டும், இதோ வருகிறேன் என்றார். "இதோ" என்பது அவர் அகராதியில் பன்னிரண்டு நாள். ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துப் பார்த்தேன். முதல் இரவே வாசற்படியில் ஒயர் காலைத் தட்டி விழப் பார்த்தேன். நானும் படுத்துவிட்டால் இருவரையும் யார் பார்ப்பது? அலாரம் வைத்து இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அலாரம் அடித்தும் எழவில்லை.

அப்போதுதான் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவனை ஃபோனில் கூப்பிட்டேன். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "கரண்ட் போனால் மணி அடிக்கிற மாதிரி ஏதாவது மெஷின் இருக்கிறதா தம்பி?" என்றேன். "வீட்டில் பழைய லேப்டாப் இருக்கா ஐயா? பேட்டரி கொஞ்சமாவது நிக்குமா?" என்று கேட்டான். பேத்தி கல்லூரியில் வைத்திருந்தது பரணில் கிடந்தது. பேட்டரி நாற்பது நிமிடம் நின்றது. "அது போதும் ஐயா. மெஷின் உங்க வீட்டிலேயே இருக்கு" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் லேப்டாப்புக்குத் தெரியும். மூடியைச் சாத்தினாலும் பவர் பட்டனை அமுக்கினாலும் தெரியும். இதற்கெல்லாம் ஏசிபிஐ என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996இல் வெளியிட்டது. லினக்ஸில் இந்தச் செய்திகளைக் காது கொடுத்துக் கேட்டு, நாம் சொன்ன வேலையைச் செய்ய ஒரு சின்ன நிரல் உண்டு. அதன் பெயர் ஏசிபிஐடி. கடைசியில் வரும் "டி" டீமனைக் குறிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு டீமன் என்று பெயராம். எனக்குச் சட்டென்று சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் நினைவுக்கு வந்தது. புகார் நகரத்து நாற்சந்தியில் நின்று தப்பு செய்பவரைப் பிடிக்கும் பூதம். என் பூதம் பிடிக்க வேண்டியது கரண்டை. சொன்னதும் அவன் சிரித்தான். "பாடம் மறக்கல ஐயா" என்றான்.

அந்த லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் பழசு. புது மென்பொருள் தரும் கிடங்கை எப்போதோ மூடிவிட்டார்கள். வைஃபையும் வேலை செய்யவில்லை. அதனால் மூல நிரலையே கொண்டுவந்து நாமே தொகுக்க வேண்டும் என்றான். கடையில் மாவு வாங்காமல் வீட்டிலேயே ஊறவைத்து ஆட்டுவது போல. பேத்தி சி மொழி படித்ததால் ஜிசிசி என்ற தொகுப்பி அதில் ஏற்கெனவே இருந்தது. அவன் ஃபோனுக்கு அனுப்பிய கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி லேப்டாப்புக்கு மாற்றினேன். வாட்ஸ்அப் வீடியோவில் ஃபோனைத் திரை பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டினேன்.

மூன்றே கட்டளைதான். "கான்ஃபிகர்" என்றால் இந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். "மேக்" என்றால் தொகுக்கும். "மேக் இன்ஸ்டால்" என்றால் உரிய இடத்தில் வைக்கும். கடைசிக் கட்டளைக்கு மட்டும் நிர்வாகி உரிமை வேண்டும். மூன்று கட்டளைக்குள் நான் ஏழெட்டுப் பிழை செய்தேன். இடைவெளி விட வேண்டிய இடத்தில் விடவில்லை, விடக் கூடாத இடத்தில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை ஐயா, பிழைன்னு வந்தா பயப்படாதீங்க. அது என்ன சொல்லுதுன்னு முழுசா படிங்க" என்றான்.

நிறுவி முடித்ததும் "ஏசிபிஐ லிசன்" என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னான். திரை சும்மா இருந்தது. "இப்போ சார்ஜரைப் பிடுங்குங்க" என்றான். பிடுங்கினேன். ஏசி அடாப்டர் என்று ஒரு வரி வந்து விழுந்தது, கடைசியில் எட்டு பூஜ்ஜியம். திரும்பச் செருகினேன். அதே வரி, கடைசி எண் மட்டும் ஒன்று. கரண்ட் போனால் பூஜ்ஜியம், வந்தால் ஒன்று. சின்னப் பிள்ளை மாதிரி ஐந்தாறு தடவை பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.

அடுத்தது விதி எழுதுவது. ஈடிசி என்ற அடைவுக்குள் ஏசிபிஐ, அதற்குள் ஈவென்ட்ஸ். இந்த அடைவுகள் இல்லாததால் நாமே உருவாக்கினோம். அதற்குள் ஒரு கோப்பு வைக்க வேண்டும். அதில் இரண்டே வரி. எந்தச் செய்தி வந்தால் என்பது முதல் வரி, என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அடாப்டர் என்று தொடங்கி எட்டு பூஜ்ஜியம் வந்தால், மணி அடிக்கும் சிறு நிரலை ஓட்டு. அவ்வளவுதான். அவனுக்கு அலுவலகக் கூட்டம் இருந்ததால் இதை நானே செய்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

கோப்பை எழுதினேன், டீமனை மறுபடி தொடங்கினேன், சார்ஜரைப் பிடுங்கினேன். சத்தமே இல்லை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். பிழையே இல்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. இரவு அவன் வந்து பார்த்து, "கோப்புக்கு என்ன பெயர் வச்சிருக்கீங்க?" என்றான். கரண்ட், ஒரு புள்ளி, அப்புறம் கான்ஃப் என்று வைத்திருந்தேன். மற்ற கோப்புகளில் அப்படிப் பார்த்த பழக்கம். அந்த அடைவில் இருக்கும் கோப்பின் பெயரில் எழுத்து, எண், சிறு கோடு, அடிக்கோடு மட்டும்தான் வரலாமாம். புள்ளி இருந்தால் ஏசிபிஐடி அதைத் திறந்துகூடப் பார்க்காது. புள்ளியை எடுத்தோம். உள்ளே இருந்தது அப்படியே வேலை செய்தது.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை என்று உங்களில் எத்தனை பேருக்கு அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்! வைக்கக் கூடாத ஒரு புள்ளிக்கு எனக்கு இரண்டு மணி நேரம் போனது.

இன்னும் இரண்டு சிக்கல் வந்தது. நான் கையால் ஓட்டினால் மணி அடித்தது, டீமன் ஓட்டினால் அடிக்கவில்லை. ஒலிக் கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். டீமன் என் அடைவில் உட்கார்ந்திருக்கவில்லை, அதற்கு முழு முகவரி தர வேண்டும். இன்னொன்று, மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். காவலாளி தூங்கினால் காவல் எதற்கு? அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு டீமனின் கோப்பில், மூடியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி மாற்றினோம்.

ஒலிக்கு நான் பிடித்தது நம் பள்ளிக்கூட மணி. பக்கத்துத் தெருதானே, மாலை மணியை ஃபோனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். ஐந்து தடவை அடிக்கும்படி வைத்தோம். லேப்டாப்பையும் மோட்டாரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன்.

நான்காம் நாள் இரவு இரண்டே காலுக்குக் கணகணவென்று அடித்தது. ஓடிப்போய் ஹால் ஒயரை இழுத்து மோட்டாருக்குக் கொடுத்தேன். மெத்தை இறங்கவே இல்லை. அம்மா கண் திறந்து, "மணி அடிச்சிருச்சே, நீ இன்னும் பள்ளிக்கூடம் கிளம்பலையா?" என்றார்கள். ஆசிரியராகப் போகும் என்னைக் கேட்டார்களா, படிக்கப் போகும் என்னைக் கேட்டார்களா, தெரியவில்லை. "இன்னிக்கு லீவும்மா" என்றேன். "சரி, அப்ப தூங்கு" என்றார்கள்.

பிறகு எலக்ட்ரீசியனும் வந்தார், அந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்தார். லேப்டாப்பை எடுத்துவிடலாம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரம் கரண்ட் இருக்கும்போதே மணி அடித்தது. வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கழன்றிருந்தது. இன்வெர்ட்டரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் லேப்டாப் அங்கேயே இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த மாணவனுக்கு எட்டாம் வகுப்பில் ரகரமும் றகரமும் எப்போதும் தடுமாறும். ஒருமுறை அவன் நோட்டை வகுப்பு முழுக்க உரக்கப் படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். அவன் மறந்திருக்கலாம், எனக்கு நினைவிருக்கிறது. ஏழெட்டுப் பிழை செய்த எனக்கு அவன் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. தம்பி, அன்றைக்கு நான் செய்தது தவறு. எல்லோர் முன்னாலும் செய்ததால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

மற்றவர்கள் இன்றைக்கே போய் உங்கள் வீட்டு ஏர் பெட் எந்த பிளக்கில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா