ஸ்ரீரங்கம்: வேரூன்றியவர்களுக்கும் ஏன் விசா மறுப்பு?

ஸ்ரீரங்கத்தில் கோயில் வேறு, ஊர் வேறு அல்ல. ஏழு திருச்சுற்றுகளின் வெளிச்சுற்றுகளில் ஒன்றான சித்திரை வீதிகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. 1987-ல் முழுமை பெற்ற 236 அடி ராஜகோபுரம்தான் அவர்களின் தெருவாசல்.

இந்த வீதிகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் பலர். பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டுமென்றால், முதலில் சென்னை அண்ணா மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே நிற்கிறது, குடியேற்றச் சட்டத்தின் 214-பி பிரிவு. 'வருபவர் அங்கேயே தங்கிவிடுவார்' என்பதே அதன் முன்முடிவு. 'திரும்பி வருவேன்' என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 185 டாலரும் போனது போனதுதான். மறுபடி விண்ணப்பிக்கலாம், மறுபடி பணம் கட்ட வேண்டும்.

கணவன் மனைவி சேர்வதற்கும் தடை உண்டு. பிரிட்டனில் இருப்பவர் துணையை அழைக்க, 2012-ல் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் போதும் என்றார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது 29,000. சம்பளம் குறைந்தால், தாலி கட்டியும் தனித்தனி வாழ்க்கைதான்.

பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் எடுத்துப் போகலாம். ஆனால், கோபுரத்தைப் பார்க்காமல் பொழுது விடியாத ஒருவரின் வேர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?