வழக்குரைத்த அன்னை

நீதி வேண்டி அவையேறிய பெண்ணென்றால் நம் நெஞ்சில் எழுபவள் கண்ணகி. கிரேக்க நாட்டிலும் அத்தகைய ஒருவரைக் காண்கிறோம்.

பாசிசத்தை எதிர்த்துப் பாடியவர் பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸ். 2012இல் நாடாளுமன்றத்தில் 18 இடங்களைப் பெற்ற, வந்தேறிகளை வெறுத்த ‘பொன் விடியல்’ கட்சியைச் சேர்ந்த ஒருவன், 2013 செப்டம்பர் 18 அன்று அவரைக் கெராட்சினியில் குத்திக் கொன்றான். 2015இல் தொடங்கிய வழக்கில், அன்னை மக்தா ஐந்தாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றம் வந்து அமர்ந்தார். அக்கட்சி குற்றக் கும்பலே என்று 2020 அக்டோபர் 7 அன்று தீர்ப்பாயிற்று. ஏதென்ஸ் நீதிமன்ற வாயிலில் பல்லாயிரவர் திரண்டிருந்தனர்.

கண்ணகி தனியே சென்றாள். மக்தாவுடன் மக்கள் நின்றனர். பிறமொழி மண்ணில் வாழும் நாம் தனிமையின் சுமையை அறிவோம். அயலவர்க்காகக் குரல் கொடுத்து அச்சுறுத்தப்படுவோரைத் தனித்து நிற்க விடாதிருப்பதே நம் கடன்.