கெமிஸ்தமும் குடும்பக் கடிதங்களும்

வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கும் நாளில் முதன்முதலாக முற்றத்துக்கு வருவன பழைய தாள்களே. கால் உடைந்த கதிரைக்குக்கூடச் சில காலம் தவணை கிடைக்கும்; தாளுக்கு அந்தச் சலுகை இல்லை. காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் விவாகப் பதிவும் தப்பிவிடும். கடிதங்களும் நாட்குறிப்புகளும் கொப்பிகளும் நெருப்புக்குப் போய்ச் சேரும். இவற்றை வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன் என்பது எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி. தமிழில் இரசாயன நூல் பிறந்த வரலாற்றை அறிந்தவர்கள் இக்கேள்விக்கு அத்தனை விரைவில் விடை கூறமாட்டார்கள்.

அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் அவர் மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கித் தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் பயின்றவர்கள் உத்தியோகம் தேடிப் பட்டினங்களுக்குப் போய்விடுகிறார்கள். நோயுற்றவனோ கிராமத்தில் கிடக்கிறான். இதைக் கண்ட கிறீன் அறுபதுகளின் நடுவில், அஃதாவது 1860களில், கற்பித்தலையே தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பாடநூல் வேண்டாவா? தாமே தமிழ் கற்றுத் தேர்ந்தார். மாணவர்களை மொழிபெயர்க்க வைத்தார். சொல்லுக்குச் சொல் நின்று திருத்தினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. அவ்வரிசையில் 1875இல் வந்ததே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல். அவருடைய மாணாக்கர்களான சப்மனும் சுவாமிநாதனும் மொழிபெயர்க்க, அவர் பார்வையிட்டுச் செப்பஞ்செய்தார்.

கெமிஸ்தம்! ஆங்கிலச் சொல்லுக்கு வேட்டி கட்டிவிட்டாற்போன்ற இப்பெயரைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. எனக்கோ அதில் ஒரு தனிப் பிரியம். பின்னாளில் நாம் இலங்கையில் இரசாயனவியல் என்றோம். தமிழகத்தார் வேதியியல் என்றனர். இரண்டும் சீரிய சொற்களே. ஆயினும் வழியே இல்லாத காட்டிற் கத்தியெடுத்து முதல் ஒற்றையடிப்பாதை வெட்டியவனின் வியர்வை அந்தப் பழைய பெயரில் இருக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். நூலோ 1875இல் வந்தது. மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்த 1884இலும் வந்தன. தமிழ் பேசுவோர் எவருமற்ற அந்நிய நகரில், தம் தந்தையார் வீட்டில் இருந்துகொண்டு, கடல் கடந்து வந்த தமிழ்த் தாள்களைப் பத்தாண்டு காலம் திருத்திக்கொண்டிருந்தார் அம்மனிதர். தம் கல்லறையில் ‘தமிழருக்கான வைத்திய ஊழியர்’ எனப் பொருள்படப் பொறிக்கும்படி எழுதிவைத்தார்.

இவை நமக்கு எவ்வாறு தெரியவந்தன? யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தம் வீட்டாருக்கு ஓயாது கடிதம் எழுதினார். கிறிஸ்தவராகும் தமிழர் தம் உடையையும் உணவையும் விட்டு ஐரோப்பியராக மாறிவிடலாகாது என்னும் அவருடைய உறுதியான எண்ணமும் அவற்றில் உண்டு. வீட்டார் கடிதங்களை எறியவில்லை. அவர் இறந்து ஏழாண்டுகளின் பின், 1891இல், அவை வாழ்க்கை வரலாற்றோடு சேர்ந்து ஒரு நூலாயின. அந்நூலின் முகப்பிலேயே குடும்ப நண்பர்களுக்காக அச்சிடப்பட்டது என்றிருக்கிறது. விற்பனைக்கன்று, ஆராய்ச்சிக்குமன்று. அண்ணனை, தம்பியை, சிற்றப்பனை மறவாதிருக்க ஒரு குடும்பம் செய்த காரியம், தமிழ் விஞ்ஞான வரலாற்றின் மூலபத்திரமாக முடிந்தது. இத்தனைக்கும் அக்குடும்பத்தில் உலகறிந்தவர் வேறொருவர். நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதிலும், அந்நகரை ஒன்றிணைப்பதிலும் முன்னின்ற அன்ட்ரூ கிறீன் நம் வைத்தியரின் உடன்பிறந்த அண்ணன். நமக்கு அண்ணனைவிடத் தம்பியே பெரியவர்! கவிஞர் அம்பி அவர்கள் 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி இவரை நம்மவர்க்கு மீண்டும் அறிமுகஞ் செய்தார்.

கெமிஸ்தம் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒல்லாந்து தேசத்திலும் ஓர் இளைஞர் தம் தாய்மொழியில் இரசாயனம் எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லாந்தர் என்றதும் மட்டக்களப்பாராகிய நமக்கு 1638இல் அவர்கள் கைப்பற்றிய கோட்டை நினைவுக்கு வரும்; குடும்பங்களையும் காணிகளையும் பதிந்த தோம்பு நினைவுக்கு வரும். நான் சொல்லும் ஒல்லாந்தர் வேறு. ரொட்டர்டாம் நகரத்து வைத்தியர் ஒருவரின் மகனாக 1852இல் பிறந்த வான்ட் ஹொவ் என்பவர். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தினுள் யன்னல் வழியே புகுந்து பரிசோதனை செய்து பிடிபட்ட பையன் அவர். தகப்பனார் அடிக்கவில்லை, வீட்டிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தாராம்.

1874 செப்டெம்பரில், இருபத்திரண்டு வயதில், அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். காபன் அணுவின் நான்கு பிணைப்புகளையும் அக்காலத்தார் தாளிலே தட்டையாக வரைந்துவந்தனர். அவை தட்டையாக இல்லை, ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்றார் இவர். அவ்வாறாயின் ஒரே பொருள் இடக்கையும் வலக்கையும் போல் இருவேறு வடிவில் இருத்தல் கூடும். ஒல்லாந்து மொழியில் எழுதியதை உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. பிரெஞ்சில் 1875இலும் ஜெர்மனில் 1877இலும் வந்த பின்னரே பேச்செழுந்தது. பேச்சோடு ஏச்சும் எழுந்தது. மிருக வைத்தியக் கல்லூரியில் வேலை பார்க்கும் இவர் சிறகு முளைத்த குதிரையில் ஏறிவிட்டார் என்று கோல்பே என்னும் பேராசிரியர் எள்ளினார். 1901இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு அந்தக் குதிரைக்காரருக்கே கிடைத்தது. பரிசு கிடைத்தது கரைசல்களில் உண்டாகும் பிரசாரண அமுக்கத்தின் விதியையும் இரசாயனத் தாக்கங்களின் வேகத்தையும் ஆராய்ந்தமைக்காக.

அவர் தம் கருத்தை விளக்கக் கடதாசி மட்டையை வெட்டி ஒட்டிச் சிறு நான்முகிகள் செய்து அறிஞர்களுக்கு அனுப்பினார். குழந்தை விளையாட்டுச் சாமான் போன்ற அவற்றுட் சில இன்றும் லெய்டன் நகரத்து அரும்பொருட் சாலையில் உள்ளன. யாரோ ஒருவர் மேசையைத் துடைத்தபோது அவற்றைக் குப்பையிற் போடாமல் விட்டிருக்கிறார். 1911இல் வான்ட் ஹொவ் இறந்ததும், அவருடைய மாணாக்கர் ஏர்ண்ஸ்ட் கோகன் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டி, மறுவருடமே பெரியதொரு வரலாறு எழுதி முடித்தார். ஆசிரியரின் தாள்களைக் காத்த அந்த மாணாக்கர், யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால் 1944இல் அவுஸ்விற்ஸ் கொலைமுகாமில் மாண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இவ்வளவையும் நான் எண்ணிப்பார்க்க நேர்ந்தது தன்னாமுனையில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி ஒன்றினால். அப்பா விஞ்ஞான ஆசிரியர். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்தவர். பிள்ளையாரடி, ஊறணி கடந்து நகரத்துக்குச் சைக்கிளிற் போய்வருவார். அவர் மறைந்து நெடுநாளாகியும் பெட்டி இருந்தது. வீட்டைத் திருத்தும் வேலை தொடங்கியதும் தம்பியின் மகள் கேட்டாள்:

“அப்பப்பாட பெட்டியையும் எரிச்சிருவமா மாமி?”

“பொறு மகள், ஒருக்காப் பாத்திட்டுச் சொல்றன்” என்றேன்.

அந்தப் பெட்டி ஒரு தரம் இறந்து பிழைத்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு அடித்த சூறாவளியில் கூரை போயிற்று, தென்னைகள் முறிந்தன, பெட்டிக்குள் நீர் புகுந்தது. மறுகிழமை அம்மா சேலை காயப்போடும் கொடியிலே அப்பாவின் தாள்களைக் காயப்போட்டார். அயலார் கூரை தேட, நாங்கள் தாள் உலர்த்தினோம்! ஊற்றுப்பேனாவின் நீல மை கரைந்து மேகம்போற் படர்ந்துவிட்டது. பென்சிலால் எழுதியவை அப்படியே இருந்தன. நீரிற் கரையாத கரியல்லவா அது? இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த பழைய கறுப்பு மையில் எழுதப்பட்ட காணி உறுதியும் பிழைத்தது. அவ்வகை மை தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1990இன் இடப்பெயர்வின்போது பெட்டியைத் தூக்க வழியில்லை. திரும்பி வந்தபோது அது இருந்தது. அதற்குமேல் இருந்த பொருள்கள் இல்லை. தாளைத் திருடுவார் யார்?

கொப்பிகளைப் பிரித்தோம். அப்பா ஒவ்வொரு பாடத்துக்கும் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ‘பிராணவாயு’ என்று எழுதி, வெட்டி, ‘ஒட்சிசன்’ என்று மாற்றி, ஓரத்தில் ‘இரண்டையும் சொல்லிக்கொடு’ எனப் பென்சிலாற் குறித்திருக்கிறார். பிரசாரணம் என்ற தலைப்பின் கீழ் வான்ட் ஹொவ்வின் பெயர். அதற்கு உதாரணம் நமது வாவி மீன்: உப்பிட்ட மீனிலிருந்து நீர் வெளியேறிக் கருவாடாகும் விதம். காபனின் நான்முகியைக் காட்ட, குரும்பட்டி ஒன்றில் நான்கு ஈர்க்குகளைக் குத்தும் படம். லெய்டனிலே மட்டைத் தாள், தன்னாமுனையிலே குரும்பட்டி. பாடநூலில் இல்லாத இந்தப் பக்கம் வேறெங்கும் கிடையாது.

இன்னொரு கொப்பியில் சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய குறிப்புகள். காரைதீவில் 1892இல் பிறந்த அடிகளாரை நாம் யாழ்நூலுக்காகப் போற்றுகிறோம். கல்லடி உப்போடையில் அவர் சமாதியை வணங்குகிறோம். அவர் விஞ்ஞானம் பயின்று இரசாயனம் கற்பித்த ஆசிரியர் என்பதும், 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் மாணவர் பலருக்குத் தெரியா. அப்பாவுக்கு அது மறக்கவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். அச்சேறிய நூலுக்கே அக்கதி. ஒரே ஒரு பிரதியாக இருக்கும் கையெழுத்துக்குக் காவல் வீட்டாரன்றி வேறு யார்? 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் இத்தகைய ஆவணங்களை எண்ணிமப் பிரதியாக்கி வருகிறார்கள். அவர்களிடம் காட்டலாம் என்று தீர்மானித்தோம். அதற்கு முன் நாமே செய்யவேண்டியவை சில உண்டு. துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றினோம். கறையானுக்கு எட்டாத உயரத்தில், காற்றுப் படும் இடத்தில் தாள்களை வைத்தோம். புகைப்படங்களின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதினோம். முகம் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போது எழுதாவிட்டால் பின்பு எழுத ஆளில்லை.

கடைசிக் கொப்பியின் பின்னட்டையில் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு: ‘சோதனைக்குழாய் உடைத்தோர்.’ பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இருபத்தைந்து சதம். பத்துப் பேரின் பெயர்களுக்கு நேரே ‘மன்னிக்கப்பட்டது’ என்றிருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் ‘வசூலிக்கப்பட்டது’. அது என் தம்பியின் பெயர். மருமகள் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு தகப்பனிடம் ஓடினாள்.