பசித்தும் உண்ணாதவர்கள்

திருப்பலியில் குருவானவர் கையில் ஏந்தும் அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபையின் நெடுநாளைய ஒழுங்கு. பீடத்தில் மட்டுமா? உலகில் கோடானுகோடி மக்களின் அன்றாட உணவும் அதுவே. இத்துணைச் சிறப்புடைய கோதுமை மணி எங்கிருந்து வந்தது? யார் யார் கைகளைக் கடந்து வந்தது? பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் பயிலும் நாங்கள் இக்கேள்விகளுக்கு விடை தேடினோம். கிடைத்த விடை எங்களை வியக்கவும் வைத்தது, கலங்கவும் வைத்தது.

ரொட்டிக் கோதுமை ஒரே புல்லின் வழித்தோன்றல் அன்று. மூன்று புற்களின் சந்ததி. முதலில் காட்டுப் புற்கள் இரண்டு இயற்கையாகவே கலந்து, 28 குரோமோசோம்கள் கொண்ட ஒரு கோதுமை உண்டாயிற்று. மேற்கு ஆசிய மக்கள் அதைப் பயிரிடலாயினர். பின்னர், ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், காஸ்பியன் கடலை ஒட்டிய பகுதியில் 14 குரோமோசோம்கள் உடைய வேறொரு புல் அதனோடு கலந்தது. இவ்வாறு 42 குரோமோசோம்களுடன் பிறந்ததே இன்றைய ரொட்டிக் கோதுமை. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் மணிகள் தாமே உதிர்ந்துவிடும். உதிராத கதிர்களை அறுத்து, அவற்றிலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுத்தனர் அந்நாளைய உழவர்கள். எழுத்தறியாத அவர்களே உலகின் முதல் பயிர் விஞ்ஞானிகள் என்றால் அது மிகையாகாது.

உழவர் அனுபவத்தால் செய்ததற்குக் காரணத்தை விளக்கியவர் ஒரு துறவி. அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் பண்புகள் ஓர் ஒழுங்குடன் சந்ததிக்குச் செல்வதைக் கண்டறிந்து, 1866-ல் வெளியிட்டார். உலகம் அதன் அருமையை 1900-ல்தான் உணர்ந்தது. அதன்பின், இரு வகைகளை இணைத்து வேண்டிய பண்புகளை ஒன்றுசேர்க்கும் கலை விரைந்து வளர்ந்தது. ஆனால் இணைப்பதற்கு விதவிதமான விதைகள் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

அவற்றைத் தேடிப் புறப்பட்டவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ். ஆப்கானிஸ்தானின் மலைகளிலும் எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்களிலும் அலைந்து அவர் விதைகளைத் திரட்டினார். லெனின்கிராடு நகரில் அவர் நடத்திய நிலையத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாதிரிகள் சேர்ந்தன. ஆனால் மெண்டலின் கொள்கையை மறுத்த லைசென்கோ என்பவருக்கே ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. 1940-ல் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரி 26-ஆம் நாள் சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து உயிர் நீத்தார். உலகின் பசியைப் போக்க விதை சேர்த்தவர் பசியாலேயே மாண்டார்! என்னே கொடுமை!

அவர் சிறையில் வாடிய நாளில் லெனின்கிராடும் வாடியது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மானியப் படை அந்நகரை முற்றுகையிட்டது. முதல் குளிர்காலத்தில் ஒரு சமயம், தொழிலாளர் அல்லாதோர்க்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது. விதை நிலையத்திலோ அரிசி, கோதுமை, நிலக்கடலை எல்லாம் இருந்தன. காவல் காத்த விஞ்ஞானிகள் அவற்றைத் தொடவில்லை. நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவானோவ் அரிசி மூட்டைகள் இருக்கவே பட்டினியால் இறந்தார். அவரைப் போலவே அவருடைய தோழர்கள் பலரும் இறந்தனர்.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. "பசித்தோர்க்கு உணவளிப்பதே அறம் என்று கற்கிறோமே! வெளியே குழந்தைகள் மடியும்போது அரிசியைப் பூட்டி வைக்கலாமா?" என்று சிலர் கேட்டோம். "அத்தனையையும் சமைத்தாலும் அப்பெரிய நகரம் எத்தனை நாள் உண்ணும்? ஆயிரமாயிரம் ஆண்டு உழவர் உழைப்பு ஒரு வேளைக் கஞ்சியாகத் தீர்ந்துவிடுமே!" என்றோம் மற்றவர்கள். மணி அடித்த பின்னும் வாதம் முடியவில்லை. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். அவர்கள் பிறருக்கு மறுத்ததைத் தாங்களும் உண்ணவில்லை. அதனால்தான் அவர்களைக் குறைகூற எங்களுக்கு நா எழவில்லை.

ஒரு விதைக்கு அத்தனை மதிப்பு உண்டா? ஜப்பானில் 1935-ல் வெளியிடப்பட்ட 'நோரின் 10' என்னும் குட்டைக் கோதுமை இதற்கு விடை சொல்கிறது. நெட்டைக் கோதுமைக்கு உரம் மிகுதியாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் தாள் சாய்ந்துவிடும். குட்டைத் தாள் நிமிர்ந்து நிற்கும். 1946-ல் அமெரிக்கா சென்ற அவ்விதையின் வழிவந்த வகைகளைக் கொண்டு மெக்சிகோவில் புதிய கோதுமைகளை உருவாக்கினார் நார்மன் போர்லாக். அவற்றை நம் நாட்டு வயல்களுக்குக் கொணர்வதில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1966-ல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்திறங்கியது. 1968-ல் கோதுமைப் புரட்சிக்கென அஞ்சல் தலையே வெளியிட்டது இந்திய அரசு. போர்லாக் 1970-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

வெற்றியிலும் ஆபத்து ஒளிந்திருந்தது. எங்கும் ஒரு சில வகைகளே விதைக்கப்பட்டால், ஒரே நோய் அனைத்தையும் அழித்துவிடக்கூடும். 1998-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட ஒரு புதிய துரு நோய், அன்று பயிரான கோதுமைகளுள் பெரும்பாலானவற்றைத் தாக்க வல்லதாயிருந்தது. அதை எதிர்க்கும் மரபணுக்களுள் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? காஸ்பியன் கரையில் கோதுமையோடு மூன்றாவதாகக் கலந்ததே, அதே புல் இனத்தில்! யாரும் மதிக்காத களை, காலத்தில் கைகொடுத்தது.

தோழியரே, எந்த விதை எந்தத் தலைமுறையைக் காக்கும் என்பதை இன்று யாராலும் சொல்ல இயலாது. எனவே விதை நம்முடைய சொத்து அன்று. இனிப் பிறக்கப்போகிறவர்கள் நம்மிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்கும்போதெல்லாம், முகமறியாத அந்த லெனின்கிராடு மனிதர்களையும் நாம் நினைத்துக்கொள்வோமாக!